வாசகர் கேள்விகள்: உறைந்து நிற்கும் பிள்ளைக்கு ஷாக் சிகிச்சை

என் தம்பிக்கு 22 வயது, டவுன் சிண்ட்ரோம். தானே குளிப்பான், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவான். இரண்டு மாதமாகப் பேச்சே இல்லை. வாசலில் மணிக்கணக்கில் நிற்கிறான், ஊட்டிய சோற்றை விழுங்காமல் வாயிலேயே வைத்திருக்கிறான். மனநோய் மாத்திரை கொடுத்தபின் உடம்பு இன்னும் விறைத்துவிட்டது. சேலத்து டாக்டர் ஷாக் கொடுக்கலாம் என்கிறார். இவனுக்குத் தாங்குமா? – வாசகி, ஏற்காடு

தாங்கும். அறிவுசார் குறைபாடு இந்தச் சிகிச்சைக்குத் தடை இல்லை.

நீங்கள் எழுதியிருப்பது கேடடோனியா, அதாவது பேச்சும் அசைவும் உறைந்துபோகும் நோய் போலத்தான் இருக்கிறது. "இந்தப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று சொல்லியே பலருக்கு மாதங்கள் வீணாகின்றன. பிறவியிலிருந்தே பேசாதவர் பேசாமல் இருப்பது அறிகுறி ஆகாது. பால் வாங்கி வந்தவன் வாசலில் உறைந்து நிற்பது அறிகுறி. நோய்க்கு முந்தைய செல்போன் வீடியோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அவன் முன்பு எப்படி இருந்தான் என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மாத்திரைகள் கேடடோனியாவை மோசமாக்கக்கூடும். விறைப்போடு காய்ச்சல், வியர்வை, ஏறி இறங்கும் ரத்த அழுத்தம் சேர்ந்தால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

முதலில் லோரசெபாம் என்ற அமைதியூட்டும் மருந்தை வைத்து ஒரு சோதனை. 1 அல்லது 2 மில்லிகிராம் நரம்பு வழி ஏற்றி, கேடடோனியாவின் கடுமையை அளக்கும் புஷ்-பிரான்சிஸ் அளவுகோலில் முன்னும் பின்னும் மதிப்பெண் போடுவார்கள். 5–10 நிமிடத்தில் மதிப்பெண் பாதியாகக் குறைந்தால் நோய் இதுதான் என்பது ஏறத்தாழ உறுதி. குறையாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. பிறகு அதையே தினமும் கொடுத்து அளவைக் கூட்டுவார்கள். சில நாளில் பலன் தெரியாவிட்டாலோ, சாப்பாடும் தண்ணீரும் நின்றாலோ மின்னதிர்வுக்கு, அதாவது ஷாக் சிகிச்சைக்கு, தாமதிக்கக் கூடாது. அசையாமல் கிடந்தால் படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு, நுரையீரலுக்குள் உணவு இறங்குவது என்று ஒவ்வொன்றாக வரும்.

டவுன் சிண்ட்ரோம் என்பதால் மயக்க மருத்துவரிடம் சில விஷயங்களை நீங்களே கேளுங்கள். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் தளர்ந்திருக்கலாம். அப்படியிருந்தால், மயக்கத்தில் தலையை அதிகமாக வளைக்கும்போது தண்டுவடம் நசுங்கலாம். நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது இருந்தால் முன்பே சொல்லுங்கள். இதயத்துக்கு எக்கோ, தைராய்டு பரிசோதனை, ஆடும் பல், தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவையும் பார்க்க வேண்டும். பலர் கேட்க மறப்பது பொட்டாசியம்: வாரக்கணக்கில் அசையாதவருக்கு சக்சினைல்கோலின் என்ற தசைத்தளர்த்தி கொடுத்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அப்போது ரோகுரோனியம் போன்ற வேறு தசைத்தளர்த்தி தேவைப்படும்.

ஷாக் வாரம் 2 அல்லது 3 முறை, மொத்தம் பொதுவாக 6 முதல் 12 முறை கொடுப்பார்கள். கேடடோனியாவில் முதல் சில முறைகளிலேயே மாற்றம் தெரிவதுண்டு. முந்தைய இரவு சோறு நின்றுவிட வேண்டும். திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்னும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்னும் கடைசி. எழுந்தபின் தலைவலி, தாடை வலி, குமட்டல், கொஞ்ச நேரக் குழப்பம் இருக்கும். சமீப நினைவுகள் சில மங்கலாம். அந்த நிலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்காடு ஏற்றுவது பிள்ளைக்குப் பெரும்பாடு. சிகிச்சை முடியும்வரை சேலத்திலேயே உள்நோயாளியாக வைத்திருங்கள்.

தங்கைக்கு ஷாக் ஐந்து முறை ஆயிற்று. கடைசி இரண்டில் "வலிப்பு சரியாக வரவில்லை" என்றார்கள். ஏன்? – வாசகர், அஸ்தம்பட்டி

வேலை செய்வது மின்சாரம் அல்ல, அது எழுப்பும் வலிப்பு. சுமார் 20 வினாடிகூட நீடிக்காவிட்டால் போதவில்லை என்று பார்ப்பார்கள். காரணம் பெரும்பாலும் மருந்தில் இருக்கும்: லோரசெபாமும், வலிப்புக்குத் தரும் வால்புரோவேட்டும் வலிப்பை அடக்கும். மயக்க மருந்து அதிகமானாலும் அப்படியே. ஒவ்வொரு முறைக்கும் மூளையின் வலிப்பு எல்லை (வலிப்பு வரத் தேவையான குறைந்தபட்ச மின்னளவு) உயர்வதால் மின்னளவைக் கூட்டவும் வேண்டியிருக்கும். லோரசெபாமை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினாலே கேடடோனியா முற்றலாம். மயக்கம் கொடுக்கும் நேரத்தில் ஃப்ளூமசெனில் ஊசி போட்டு அதன் வேலையைத் தற்காலிகமாக முறிக்கலாம். டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

மகளுக்கு 16 வயது. ஷாக் கொடுக்க நாங்கள் கையெழுத்துப் போட்டால் போதாதா? – வாசகி, ஓமலூர்

போதாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி 18 வயதுக்குள் இருப்பவருக்கு, மனநல மருத்துவர் தேவை என்று கருதினால், பாதுகாவலர் ஒப்புதலோடு, அந்தச் சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். அவசர சிகிச்சை என்ற பெயரிலும் இதைச் செய்ய முடியாது. வாரிய அனுமதிக்கு நாள் பிடிக்கலாம். அதனால் லோரசெபாம் நடக்கும்போதே விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லுங்கள். மயக்க மருந்தும் தசைத்தளர்த்தியும் இல்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். சினிமாவில் பிடித்துக் கட்டிவைத்துக் கொடுப்பார்களே, அது இப்போது குற்றம்.