பள்ளி சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: நாங்கள் லண்டனில் வசிக்கிறோம். மகனுக்கு ஆறு வயது, இயர் டூ படிக்கிறான். தமிழிலும் சரி, ஆங்கிலத்திலும் சரி, இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசுவதில்லை. சாப்பாட்டு நேரத்துச் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுகிறானாம். ஈ.எச்.சி. பிளான் (சிறப்புக் கல்வித் தேவையுள்ள பிள்ளைக்குக் கவுன்சில் எழுதித் தரும் உதவித் திட்டம்) பற்றிக் கேட்டால், "வீட்டில் தமிழ் பேசுவதால்தான் இப்படி. பொறுங்கள், டயக்னோசிஸ் வந்ததும் பார்ப்போம்" என்கிறார் பள்ளியின் சென்கோ, அதாவது சிறப்புக் கல்வித் தேவைகளைக் கவனிக்கும் ஆசிரியர். அந்த மருத்துவப் பரிசோதனைக்கான வரிசையோ நகர்வதாக இல்லை. பிள்ளைக்கு முத்திரை குத்த வேண்டாம் என்கிறார் கணவர். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, கூட்டங்களுக்குப் பெரிய மகளைத்தான் கூட்டிப் போகிறேன். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

பள்ளியின் சம்மதம் உங்களுக்குத் தேவையில்லை. பிள்ளையின் தேவையை மதிப்பிடச் சொல்லி நீங்களே கவுன்சிலிடம் கேட்கலாம், இந்த வாரமே கேட்கலாம். இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டு குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்தின் 36ஆம் பிரிவு அந்த உரிமையைப் பெற்றோர் கையிலேயே கொடுத்திருக்கிறது. டயக்னோசிஸ் வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. கவுன்சில் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறதா, அல்லது இருக்கக்கூடுமா, அதற்கு இப்படி ஒரு திட்டம் தேவைப்படக்கூடுமா. மதிப்பீட்டைத் தொடங்க "கூடும்" என்கிற அளவே போதும்.

தமிழைக் காரணம் காட்டியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளை ஆங்கிலத்தில் கொஞ்சம் பிந்தலாம், அது இயல்பு. வீட்டு மொழி வேறு என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று முடிவுகட்டக் கூடாது என அதே சட்டத்தின் 20ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனால் தமிழிலும் அதே சிரமம் இருக்கும்போது பழியைத் தமிழ்மேல் போட முடியாது. இதைக் கடிதத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் இரண்டு மொழியிலும் பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். அப்புறம், யார் சொன்னாலும் வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். தாய் தனக்குச் சரளமில்லாத மொழிக்கு மாறினால், பிள்ளை காதில் விழும் பேச்சுதான் குறையும்.

கடிதத்தை மின்னஞ்சலாகவே, கவுன்சிலின் சிறப்புக் கல்விப் பிரிவுக்கு அனுப்புங்கள். 36ஆம் பிரிவின் கீழ் மதிப்பீடு கோருகிறேன் என்பது முதல் வரியில் வரட்டும். அதன் பிறகு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். "பேசச் சிரமப்படுகிறான்" என்ற வரி படிப்பவர் மனதில் நிற்காது. "பள்ளியில் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்தான். தமிழில் எத்தனை முறை கேட்டும் 'கால், ஐயோ' என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை" என்பது நிற்கும். மேசைக்குக் கீழே போவதையும் அப்படியே எழுதுங்கள்; எந்த நாள், எவ்வளவு நேரம், யார் வந்து சமாதானப்படுத்தினார்கள் என்று பள்ளியிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதுவரை அவனுக்கு என்ன உதவி செய்தார்கள், பலன் என்ன என்ற பதிவுகளின் நகலையும் வாங்கி இணையுங்கள்.

கோரிக்கை போய்ச் சேர்ந்த 6 வாரத்துக்குள் கவுன்சில் பதில் சொல்ல வேண்டும். பள்ளி முதலில் 6,000 பவுண்ட் செலவழிக்கட்டும் என்று சில இடங்களில் சொல்வார்கள். சட்டம் அப்படி ஒரு நிபந்தனை வைக்கவில்லை. கவுன்சில் ஒத்துக்கொண்டு, மதிப்பீட்டில் திட்டம் தேவை என்று முடிவானால், கேட்ட நாளிலிருந்து 20 வாரத்தில் இறுதித் திட்டம் கைக்கு வர வேண்டும். நடைமுறையில் தாமதம் அதிகம்; 2023இல் ஏறக்குறைய பாதித் திட்டங்கள்தான் அந்தக் கெடுவுக்குள் முடிந்தன. அதனால் தேதிகளைக் குறித்து வைத்து, தாண்டியதுமே எழுதிக் கேளுங்கள்.

மறுத்துவிட்டால் மனம் உடைய வேண்டாம். முதலில் சமரச ஆலோசகரைத் தொடர்புகொண்டு சான்றிதழ் வாங்குங்கள். சமரசப் பேச்சுக்குப் போக விருப்பமில்லாவிட்டாலும் இந்தச் சான்றிதழ் வேண்டும். மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து 2 மாதம் அல்லது சான்றிதழ் தேதியிலிருந்து 1 மாதம், இதில் எது பிந்தியதோ அதற்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2022-23இல் தீர்ப்பு வரை போன மேல்முறையீடுகளில் 98 சதவீதம் முழுதாகவோ ஓரளவோ குடும்பங்கள் பக்கமே முடிந்தன.

வரைவுத் திட்டம் வந்ததும் பலர் நிம்மதியில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். உண்மையான வேலையே அங்கேதான் தொடங்குகிறது. கருத்துச் சொல்ல உங்களுக்குக் குறைந்தது 15 நாள் உண்டு. "எஃப்" பகுதியை வரிவரியாகப் படியுங்கள். அதில் எழுதப்பட்ட உதவியைச் செய்தே தீர வேண்டும் என்று 42ஆம் பிரிவு கவுன்சிலைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் "தேவைக்கேற்ப ஸ்பீச் தெரபி வாய்ப்பு அளிக்கப்படும்" என்று எழுதியிருந்தால் எதைக் காட்டி நீங்கள் கேட்பீர்கள்? "ஸ்பீச் தெரபிஸ்ட் வாரம் ஒருமுறை, 30 நிமிடம், தனியாக, பள்ளி நடக்கும் எல்லா வாரங்களிலும்" என்று இருந்தால், ஒரு வாரம் தவறினாலும் கேட்கலாம். யார், எத்தனை முறை, எவ்வளவு நேரம்: இந்த மூன்றும் இல்லாத வரியை விடாதீர்கள். ஸ்பீச் தெரபியை உடல்நலம் சார்ந்த "ஜி" பகுதிக்குத் தள்ளியிருந்தால், "எஃப்"க்கு மாற்றச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: இந்தத் திட்டம் ரகசிய ஆவணம். ஊரிலோ உறவிலோ யாருக்கும் அது போகாது. வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்வார்கள், பிள்ளைக்குத் தேவை இல்லாமல் போனால் நிறுத்திவிடலாம். மேசைக்குக் கீழே போகும் பிள்ளைக்கு வகுப்பில் ஏற்கெனவே ஏதோ ஒரு பெயர் விழுந்திருக்கும். ஏன் அப்படிச் செய்கிறான், என்ன செய்தால் வெளியே வருவான் என்று ஆசிரியருக்குச் சொல்லும் தாள் அவனைக் காப்பாற்றும்.

கடிதம் எழுத, படிவம் பார்க்க இலவச உதவி இருக்கிறது. ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் "செண்டியாஸ்" என்ற ஆலோசனைச் சேவை உண்டு. "இப்சியா" என்ற தொண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் மாதிரிக் கடிதங்கள் கிடைக்கும், பெயரையும் விவரத்தையும் மாற்றினால் போதும்.

கூட்டங்களுக்கு இனி மகளை மொழிபெயர்க்கக் கூட்டிப் போக வேண்டாம். தம்பியைப் பற்றிப் பெரியவர்கள் பேசும் கடினமான வார்த்தைகளை அந்தப் பிள்ளை தன் வாயால் அம்மாவிடம் சொல்லக் கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கூட்டத்துக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். கோரிக்கைக் கடிதத்தின் கடைசி வரியாகவே அதைச் சேர்த்துவிடலாம்.