காலையில் குழாயில் சாக்கடை வாடை

வணக்கம் ஐயா. டெல்டா நகரொன்றில் குடிநீர், பாதாளச் சாக்கடைப் பொறுப்பேற்ற மூன்றாம் வாரத்திலேயே ஒரு வார்டில் காலைத் தண்ணீர் நாறுகிறது, குளோரினைக் கூட்டியும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். குளோரினை மட்டும் நம்பாதீர்கள். கொள்ளிடத்து மணலடியிலிருந்து வரும் தண்ணீர் பெரும்பாலும் நல்ல தண்ணீர்தான்; வழியில்தான் கெடுகிறது.

நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் திறந்தால், மற்ற நேரம் குழாய் வெறுமையாகக் கிடக்கும். அப்போது ஓட்டையுள்ள இடத்தில் வெளிநீர் உள்ளே இறங்கும். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நம் களிமண் ஊறி, குழாய் சேற்று நீரில் மூழ்கிவிடுகிறது. வீடுகளில் குழாயோடு நேரடியாகப் பொருத்திய மோட்டார்களும் அந்த நீரைச் சேர்த்து உறிஞ்சும்.

தொட்டியிலிருந்து கடைசி வீடுவரை தெருத்தெருவாகத் தண்ணீரில் எஞ்சியிருக்கும் குளோரினை அளக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது வேண்டும். எந்தத் தெருவில் அந்த அளவு திடீரென்று விழுகிறதோ, அங்கேதான் அழுக்கு நீர் கலந்திருக்கக்கூடும்; அங்கே தோண்டுங்கள். சாக்கடைக் கால்வாயினூடே செல்லும் பழைய இரும்புக் குடிநீர் வீட்டிணைப்புகளை முதலில் பாருங்கள். வால்வு திறக்கும் ஊழியரையும் உடன் அழைத்துப் போங்கள். அவருக்குத் தெரிந்தது வரைபடத்தில் இருக்காது.

சரியாகும்வரை அந்த வார்டுக்கு லாரித் தண்ணீர் கொடுங்கள், காய்ச்சிக் குடிக்க அறிவியுங்கள். அவசரம் என்று எவரையும் ஆள்நுழைவுக் குழிக்குள் இறக்கிவிடாதீர்கள். மனிதர்களைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013 சட்டம் இருக்கிறது. அதைவிட, அவர் உயிர் இருக்கிறது.