விலை எகிறலாம், தேர்ச்சி எகிறலாமா?

கேள்வி: மலேசியாவின் சிகாமட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். ஒரு மாணவர் தம் கட்டுரையில் ‘செம்பனை விலை எகிறியது’, ‘ஆற்றுநீர் எகிறியது’, ‘பள்ளியின் தேர்ச்சி விகிதம் எகிறியது’ என்று எழுதியிருந்தார். பேச்சு வழக்கு என்று மூன்றையும் அடித்துவிட்டேன். ‘எகிறு’ கொச்சைச் சொல்தானா? அதற்கு ஈடாக எவற்றைக் கற்பிக்கலாம்?

பதில்: ‘எகிறு’ கொச்சையன்று. துள்ளி மேலே எழுதல் என்பது அதன் பொருள். தரையில் அடித்த பந்து எகிறும், கட்டை அவிழ்த்த கன்று எகிறிக் குதிக்கும். ஆகவே முதல் வாக்கியத்திற்கு நீங்கள் மதிப்பெண் வழங்கலாம். 2022 மார்ச்சில், உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டு, கச்சாச் செம்பனை எண்ணெய் (பாமாயில்) டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியதே, அத்தகைய ஏற்றத்துக்கு இச்சொல் நன்றாகவே பொருந்தும்.

ஆனால் இச்சொல்லில் ஒரு முகச்சுளிப்பும் உண்டு. ‘பெரியவரிடம் எகிறுகிறான்’ என்று சொல்லும்போது தெரிகிற அடங்காத்தனம், விலையைப் பற்றிச் சொல்லும்போதும் சற்றே ஒட்டிக்கொள்கிறது. சமையல் எண்ணெய் வாங்குபவர் விலை எகிறிவிட்டதென்று குறைப்பட்டுக்கொள்வார். செம்பனைக் குலை விற்கும் சிறுதோட்டக்காரரோ விலை ஏறியிருக்கிறது, நல்ல விலை போகிறது என்பார். இதனால்தான் தேர்ச்சி விகிதம் எகிறியது என்பது, பள்ளி ஏதோ தகாததைச் செய்துவிட்டதைப் போல ஒலிக்கிறது. அங்கே ‘வெகுவாக உயர்ந்தது’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘உயர்வடைந்தது’ என்று நீட்ட வேண்டியதில்லை. செய்தித்தாள்களின் இந்தப் பழக்கம் எனக்கு உவப்பானதன்று.

ஆற்றுநீர் எகிறாது. கரையில் மோதித் தெறிக்கும் அலை வேண்டுமானால் எகிறலாம். 2023 மார்ச்சில் சிகாமட் கண்டதைப் போன்ற வெள்ளத்தில் நீர் பெருகும், பொங்கும், அதன் மட்டம் உயரும். மாணவர் விரும்பியது விரைவைக் காட்டத்தான். ‘உயர்’, ‘ஏறு’, ‘பெருகு’, ‘கூடு’ ஆகியவற்றுக்குத் தாமாக விரைவு இல்லை; ‘நீர்மட்டம் மளமளவென உயர்ந்தது’ என்பதைப் போல அதனை இரட்டைக்கிளவியே ஏற்றித் தருகிறது. ஒவ்வொரு இரட்டைக்கிளவிக்கும் தனித்தனி இடம் உண்டு. விலையும் காய்ச்சலும் கிடுகிடுவென ஏறும். மரத்தில் ஏறுபவர் சரசரவென ஏறுவார். இரட்டைக்கிளவியன்றேனும் ‘குபீரென’ என்பதற்கும் இடம் உண்டு: அணையப்போன தீ குபீரென எழும். ‘எகிறு’ என்பதிலேயே விரைவு அடங்கியிருப்பதால் ‘கிடுகிடுவென எகிறியது’ என்பது மிகை.

‘எழும்பு’ தூசிக்கும் ஓசைக்கும் உரியது, விலைக்கு உதவாது. ‘விண்ணை முட்டியது’ என்பது உயர்ந்து நின்ற நிலையைக் காட்டுமேயன்றி உயர்ந்த வேகத்தைக் காட்டாது. அதையும் கட்டுரைக்கு ஒருமுறைக்கு மேல் அனுமதிக்க மாட்டேன்.

மாணவர்கள் தடுமாறக்கூடிய இடம் பிறவினை. ‘உயர்’ என்பதற்கு ‘உயர்த்து’, ‘ஏறு’ என்பதற்கு ‘ஏற்று’ என்று அமைவதைப் போல ‘எகிறு’ என்பதற்கு வழக்கில் இல்லை. ‘போர் விலையை எகிறியது’ என்று எழுதினால் பிழை, ‘எகிறச் செய்தது’ என்றே எழுத வேண்டும். அத்துடன், ‘மளமளவெனப் பெருகியது’ என்பதில் ஒற்று மிகும், ‘மளமளவென்று பெருகியது’ என்பதில் மிகாது என்பதையும் அதே பாடத்தில் சொல்லிவிடலாம்.