டெக்ஸ்டர் தொடரின் புதிய சீசன் வந்தாலே ரசிகர்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறார்கள்? ஒரு கொலைகாரனுக்காகவா இவ்வளவு கோபம்?

முக்கியத் திருப்பங்கள் எல்லாவற்றையும் சொல்லித்தான் எழுதப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியின் இரண்டாவது வரிதான் என்னை எழுத வைத்தது. உங்கள் வீட்டிலோ நண்பர்களிலோ யாரோ ஒருவர் இந்தத் தொடரைப் பார்த்துவிட்டு நாள் கணக்கில் புலம்பியிருக்க வேண்டும். கேட்டுக் கேட்டு உங்களுக்குச் சலித்துப்போயிருக்கும். எங்கள் வீட்டில் அப்படிப் புலம்பியது நான். அதனால் இந்தக் கேள்வியை நேரிலேயே நிறையக் கேட்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டெக்ஸ்டர் மார்கன் மயாமி போலீஸில் ரத்தத் தெறிப்பு ஆய்வாளன். பகலில் அந்த வேலை, இரவில் கொலை. சட்டத்திடமிருந்து தப்பிய கொலையாளிகளை மட்டும் கொல்வான். இது வளர்ப்புத் தந்தை ஹாரி கற்றுக்கொடுத்த விதி. 2006 முதல் 2013 வரை எட்டு சீசன் ஓடியது. 2021-இல் 'நியூ பிளட்' வந்து 2022 ஜனவரியில் முடிந்தது. அதில் மகன் ஹாரிசனே அவனைச் சுட்டான். செத்துவிட்டான் என்று எல்லோரும் நம்பினோம். 2025 ஜூலையில் 'ரெசரக்ஷன்' என்ற பெயரில் உயிரோடு வந்துவிட்டான்.

நான் ஒரு மருத்துவமனை லேபில் டெக்னீஷியன். ரத்தம்தான் என் வேலை. இந்தத் தொடரை எனக்கு ஏன் பிடிக்கும் என்பதைச் சொந்தக்காரர்கள் அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் சித்தப்பா எல்லோரும் கூடியிருந்தபோது சொன்னார்: "நாள் பூரா ரத்தத்தோட இருக்கிற பொண்ணு, வீட்டுக்கு வந்தும் ரத்தத்தையே பார்த்துட்டிருக்கே, இது நல்லதுக்கில்ல." அம்மா தலையாட்டினார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை.

ஏனென்றால் எனக்குப் பிடித்தது கொலை அல்ல. ஒரு துளி ரத்தம் சாட்சி சொல்லும் என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்ட கதை அது. டெக்ஸ்டர் கொல்லும் முன் கன்னத்தில் சின்னதாகக் கீறி, ஒரு துளி எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் வைத்து, மரப்பெட்டியில் அடுக்கி, அந்தப் பெட்டியை ஏசிக்குள் ஒளித்து வைத்திருப்பான். முதல் தடவை அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவன் தனக்கு எதிரான ஆதாரத்தைத் தானே சேர்த்து வைக்கிறான். காய்ந்த ரத்தத்திலிருந்து பல வருஷம் கழித்தும் டிஎன்ஏ எடுக்கலாம். ஒவ்வொரு ஸ்லைடுக்குப் பின்னாலும் ஒரு பெயர் இருக்கிறது. இரண்டாவது சீசனில் கடலுக்கு அடியிலிருந்து பிணப்பைகள் வெளியே வந்தபோதும், அவனோடு வேலை பார்த்த சார்ஜென்ட் டோக்ஸ் அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தபோதும், நான் டெக்ஸ்டர் தப்பிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. மாட்டினால் எப்படி மாட்டுவான் என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். 'கொலைகாரனுக்காகவா' என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கூட்டம் கண்ணில் படுவதே இல்லை.

போலீஸ் தடயவியல் லேப் வேறு, ஆஸ்பத்திரி லேப் வேறு என்று திருத்த வருகிறவர்களுக்கு: தெரியும். ரத்தத் தெறிப்பை வைத்துத் துல்லியமாகச் சொல்ல முடியாது, நிச்சயமின்மை மிக அதிகம் என்று அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமி 2009 அறிக்கையிலேயே எழுதிவிட்டது என்பதும் தெரியும். தொடரில் அவன் சுவரைப் பார்த்துக் கதை சொல்லும் வேகத்தில் நிஜத்தில் யாரும் சொல்ல முடியாது. அதையெல்லாம் கதைக்காக ஒத்துக்கொண்டேன். கதை தானே போட்ட விதியை மீறும்போதுதான் பொறுக்க முடியவில்லை.

இப்போது 'நியூ பிளட்' கடைசி எபிசோடுகளுக்கு வருகிறேன். நானும் தங்கையும் வாரா வாரம் சேர்ந்து பார்த்தோம். அவன் ஒளிந்து வாழ்ந்த ஊரின் போலீஸ் தலைமை அதிகாரி ஏஞ்சலா, போதை மருந்து விற்பவர்கள் கழுத்தில் ஊசிக் குத்து இருப்பதையும் கெட்டமின் விஷயத்தையும் வைத்து, இணையத்தில் தேடி, மயாமியின் பழைய 'பே ஹார்பர் புட்சர்', அதாவது அந்தப் பிணப்பைகளைக் கடலில் போட்ட கொலையாளி, இவன்தான் என்று பிடித்துவிடுகிறாள். நான் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொன்னேன். பழைய சீசன்களில் ஆட்களை மயக்க அவன் போடும் ஊசியில் இருந்தது எம்99. அதாவது எட்டார்ஃபின், யானை, காண்டாமிருகம் போன்றவற்றை வீழ்த்த விலங்கு மருத்துவர்கள் பயன்படுத்துவது, மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியமானது. மனிதனின் ரத்தத்தில் அது கிடைத்தால் எந்த லேபும் நிமிர்ந்து உட்காரும். கெட்டமின் அப்படியா? அறுவை அரங்கிலும் அவசரப் பிரிவிலும் சர்வ சாதாரணமாகப் புழங்கும் மயக்க மருந்து அது. போதைக்காக எடுப்பவர்களும் உண்டு. போதை வியாபாரி உடம்பில் அது இருந்தால் அதில் என்ன அதிசயம்? அதை ஒரு கொலையாளியின் தனி அடையாளம் என்று வைத்தால், அந்த விசாரணை முழுவதும் நிற்பதற்குத் தரை இல்லை.

"ஒரு மருந்துப் பேருக்கா இவ்வளவு?" என்றாள் தங்கை. ஆமாம், அதற்குத்தான். எட்டு சீசனாக எங்களைத் தடயம் பார்க்கப் பழக்கியவர்கள் அவர்களேதான். பார்வையாளர்களில் பாதிப் பேர் எம்99 என்ற பெயரை மறக்காமல் வைத்திருந்தார்கள், எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள். அந்த வாரம் எங்கு பார்த்தாலும் இதே குமுறல். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மற்ற கோபங்களும் நியாயமானவையே. டெக்ஸ்டரின் பழைய நண்பனும் போலீஸ் சகாவுமான பட்டிஸ்டா மயாமியிலிருந்து கிளம்பி வருகிறான் என்று காட்டிவிட்டு, இருவரையும் நேருக்கு நேர் நிற்க வைக்காமலே முடித்தார்கள். டெக்ஸ்டர் தப்பிக்க வேண்டி போலீஸ்காரர் லோகனைக் கொன்றது, அதாவது குற்றமே செய்யாத ஒருவரைக் கொன்றது, ஒரு சீசன் முழுக்கப் பேச வேண்டிய விஷயம். அதைச் சில நிமிடங்களில் கடந்து, மகன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். ஹாரிசன் செய்ததுதான் சரி என்று தங்கை இன்றுவரை சொல்கிறாள். தண்டனை சரி, அதற்கு வந்த வழி அவசரம் என்பது என் கட்சி. இதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனதே இல்லை.

2013 முடிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டெக்ஸ்டர் தன் தங்கை டெப்ராவின் உடலைக் கடலில் விட்டுவிட்டு, புயலுக்குள் படகை ஓட்டிப்போய், கடைசியில் மரம் வெட்டுபவனாக உட்கார்ந்திருந்தான். எல்லோரும் திட்டினார்கள், நானும் திட்டினேன்.

இங்கே வேறொன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். ஆதாரம் என்றால் என்ன என்று எங்களைப் போன்றவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஏனென்றால் தினமும் அதற்காக அடி வாங்குகிறோம். சின்ன ஊசியில் வேகமாக இழுத்து, டியூபைப் போட்டுக் குலுக்கி அனுப்பினால் சிவப்பணு உடைந்துவிடும். செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி, நோயாளிக்கு இல்லாத அளவு ரிப்போர்ட்டில் ஏறும். அதனால் "சாம்பிள் உடைந்திருக்கிறது, மறுபடி எடுத்து அனுப்புங்கள்" என்று நாங்கள் திருப்பி அனுப்புவோம். உடனே வார்டிலிருந்து போன்: "லேப்ல வேணும்னே லேட் பண்றீங்களா?" நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், இரவு டியூட்டியில் இப்படித் திருப்பி அனுப்பிய சாம்பிளுக்காக என்னைக் கூப்பிட்டு விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ரத்தம் எடுத்தவரிடம் ஒரு கேள்வி இல்லை. ரிப்போர்ட் சரியாக வந்தால் டாக்டருக்குப் பெயர், தவறினால் லேபுக்குப் பழி. திரையில் ஒரு லேப் ஆள் கதாநாயகனாக வந்தபோது, அவன் கெட்டவனாகவே இருந்தாலும், அவன் மைக்ராஸ்கோப்பை ஒருவன் மதிப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. இதைச் சித்தப்பாவிடம் சொன்னால் புரியாது.

சரி, 'ரெசரக்ஷன்'. சுடப்பட்டவன் பனியில் கிடந்ததால் பிழைத்தான் என்பதை நிறையப் பேர் கேலி செய்கிறார்கள். இதில் இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உடம்பு குளிர்ந்தால் இதயத் துடிப்பும் ஆக்ஸிஜன் தேவையும் குறையும். உறைகுளிரில் கிடந்தவர்களை மருத்துவர்கள் மீட்டதும் நடந்திருக்கிறது. ஆனால் குளிரில் ரத்தம் உறைவது கெட்டுப்போகும், ஏனென்றால் அந்த என்சைம்களும் தட்டணுக்களும் சரியாக வேலை செய்யாது. காயப்பட்டவருக்கு உடல் வெப்பம் இறங்குவது, ரத்தம் அமிலமாவது, உறையாமல் போவது, இந்த மூன்றும் சேர்ந்தால் ஆபத்து என்பதால்தான் அவசரப் பிரிவில் கம்பளியும் போர்த்துகிறார்கள். எனவே குளிர் காப்பாற்றியது என்று சும்மா சொல்லிவிட முடியாது. ஆனாலும் இந்தப் பொய்யை நான் மன்னித்தேன். காரணம், அது பட்டிஸ்டாவைத் திருப்பிக் கொண்டுவந்தது.

முதல் எபிசோடிலேயே அவன் மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்கிறான். அடுத்து நியூயார்க் வரை விடாமல் பின்தொடர்கிறான். பேட்ஜ் இல்லை, சட்டத்தின் துணை இல்லை, பழைய சகா தன்னை ஏமாற்றினான் என்ற வலியும் பழைய கோப்புகளும் மட்டும். டேவிட் ஸயாஸ் அந்த வேடத்தில் மெதுவாகக் கணக்குப் பார்க்கும் விதத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 2022-இல் எங்களுக்குத் தராமல் விட்டது இதைத்தான். கடைசியில் அவனைச் சாகடித்தபோது கொதித்தவர்களில் நானும் ஒருத்தி. இவர்களெல்லாம் கொலைகாரனுக்காகக் கோபப்பட்டவர்களா? அவனைப் பிடிக்க வந்தவனுக்காகக் கோபப்பட்டவர்கள்.

தவறான ஆளை ரசிக்கும் கூட்டமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அவன் பிளாஸ்டிக் விரித்துக் கத்தி எடுக்கும் காட்சிக்குக் கைதட்டுகிறவர்கள், "இந்த மாதிரி ஒருத்தன் நிஜத்தில் வேண்டும்" என்று எழுதுகிறவர்கள். அவர்கள் பேச்சு எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்களைக் காட்டி எங்கள் எல்லோரையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

இன்னொரு சீசன் வரும் என்று அறிவித்துவிட்டார்கள். நான் பார்ப்பேன். பட்டிஸ்டா சேர்த்த கோப்புகள் யார் கைக்குப் போகின்றன என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அவை குப்பைக்குப் போனால் மறுபடி இங்கே வந்து இதைவிட நீளமாக எழுதுவேன். உங்கள் வீட்டில் புலம்பும் அந்த ஒருவரிடம் எந்தக் காட்சி அவரை உறுத்தியது என்று ஒரு தடவை கேளுங்கள். பெரும்பாலும் எம்99 அல்லது பட்டிஸ்டா என்றுதான் சொல்வார்.