மருந்து நிறம் மாறினால்: கேள்வி-பதில்

வெயில் ஏறிவிட்டது, கரண்ட்டும் நினைத்த நேரத்தில் போய்விடுகிறது, அதனால்தானோ என்னவோ இந்த முறை வந்ததெல்லாம் திரவ மருந்துகளைப் பற்றிய கேள்விகள்தான்.

அக்கா, பிள்ளைக்கு வாங்கிய வைட்டமின் சி சொட்டு மருந்து பழுப்பாகிவிட்டது. கொடுக்கலாமா? செம்புச் சொம்புத் தண்ணீரில்தான் கலந்து கொடுக்கிறேன். (பெகு)

பழுப்பானதைக் கொடுக்க வேண்டாம். அதில் வைட்டமின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வைட்டமின் சி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சிதையும், அந்த வேலையைச் செம்பும் இரும்பும் பல மடங்கு வேகமாக்கும், மிகச் சிறிய அளவு கலந்திருந்தாலே போதும். இதற்காகத்தான் உலோகத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் ஈடிடிஏ போன்ற பொருளைச் சில மருந்துகளில் சேர்க்கிறார்கள். செம்புச் சொம்பு குடிதண்ணீருக்கு இருக்கட்டும். மருந்தைக் கண்ணாடி டம்ளரிலோ எவர்சில்வர் கரண்டியிலோ கொடுங்கள், கலந்த உடனே கொடுங்கள். அப்புறம், பிள்ளை வாயில் பட்ட டிராப்பரை அப்படியே பாட்டிலுக்குள் விடாதீர்கள்.

எங்கள் சின்ன கிளினிக்கில் அட்ரினலின் ஆம்பூல் (ஊசி மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) லேசாக ரோஸ் நிறமாகத் தெரிகிறது. காலாவதித் தேதிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. (மோல்மீன்)

இன்றே ஒதுக்கிவிட்டுப் புது ஆம்பூல் வாங்கி வையுங்கள். ரோஸ் நிறம் அட்ரினோகுரோம், அதாவது அட்ரினலின் ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டாகும் பொருள். இன்னும் போனால் பழுப்பாகும். அலர்ஜி முற்றி மூச்சு திணறுகிறவருக்குப் போடும் ஊசி இது, இதில் சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது. தயாரிப்பாளர் தன் பங்கைச் செய்துதான் அனுப்புகிறார்: கரைசலை அமிலத் தன்மையில் வைக்கிறார், ஏனென்றால் அமிலம் குறைந்தால் அட்ரினலின் சீக்கிரம் கெடும், ஆக்சிஜனைத் தான் வாங்கிக்கொண்டு மருந்தைக் காப்பாற்ற சோடியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்க்கிறார், ஆம்பூலில் காற்றுக்குப் பதில் நைட்ரஜனை நிரப்புவதும் உண்டு. ஆனால் அந்தத் தேதி 25 டிகிரிக்குக் கீழே, வெளிச்சம் படாமல் வைத்தால் மட்டுமே செல்லும். ஏப்ரலில் தகரக் கூரைக்குக் கீழே, அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னலோரத் தட்டில் அடுக்கினால் அந்தத் தேதிக்கு அர்த்தமில்லை. பத்து டிகிரி கூடினாலே கெடும் வேகம் சுமார் இரண்டு மூன்று மடங்காகும். நிறம் மாறாததால் மட்டும் மருந்து நன்றாக இருக்கிறது என்றும் நம்பாதீர்கள், நிறம் தெரியும் முன்பே வீரியம் குறையலாம். அவசரத்துக்கு உதவும் என்று சிரிஞ்சில் முன்கூட்டியே உறிஞ்சி வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

என் மகனுக்கு ஆஸ்துமா. மெட்டாபைசல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது என்கிறார்களே? (தம்வே)

ஆஸ்துமா உள்ள சிலருக்கு மெட்டாபைசல்ஃபைட் போன்ற சல்ஃபைட் வகைப் பொருள்களால் இழுப்பு வருவது உண்மை, டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆனால் கடுமையான அலர்ஜியில் அட்ரினலின் போடச் சொன்னால் இதைக் காரணம் காட்டித் தடுக்காதீர்கள். அங்கே உயிரைக் காப்பது அந்த ஊசிதான்.

மீன் எண்ணெய் பெரிய பாட்டிலாக வாங்கினால் மலிவு. சிக்கு வாடை வந்தால் வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் சரியாகுமா? (ரங்கூன்)

ஆகாது. எண்ணெயிலேயே வைட்டமின் ஈ சேர்த்துத்தான் விற்கிறார்கள், அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தபின்தான் சிக்கு வாடை வருகிறது. சிதைந்த கொழுப்பை அது திருப்பிக் கொண்டுவராது. பாதி காலியான பாட்டிலில் மீதிப் பாதி காற்றுதான், அதனால் சின்ன பாட்டிலாக வாங்கி, திறந்த தேதியை மேலே எழுதி, மூடியை இறுக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். பழுப்புக் கண்ணாடியில் வந்ததை வெள்ளைப் பாட்டிலுக்கு மாற்றவே மாற்றாதீர்கள்.

கரண்ட் போனால் அமாக்சிசிலின் (ஆன்டிபயாடிக்) சிரப் கெட்டுவிடுமா?

அதைக் கெடுப்பது காற்றைவிடத் தண்ணீர்தான். பொடியில் தண்ணீர் கலந்ததுமே சிதைவு தொடங்கிவிடும், அதனால்தான் லேபிளில் 7 அல்லது 14 நாள் என்று போட்டிருக்கும். கிளாவுலனேட் என்ற துணை மருந்தும் சேர்ந்தது என்றால் ஃபிரிட்ஜ் கட்டாயம், 7 நாளுக்கு மேல் வைக்காதீர்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருங்கள். இரண்டு பாட்டில் எழுதிக் கொடுத்திருந்தால், இரண்டாவதைப் பொடியாகவே வாங்கி, முதல் பாட்டில் தீர்ந்தபின் மருந்துக்கடையில் கொடுத்துக் கலந்து வாங்குங்கள்.