எங்கேயோ கேட்ட மெட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துத்தான் நான் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனைக் கேட்க ஆரம்பித்தேன். 2020இல் வந்த 'ரஃப் அண்ட் ரௌடி வேஸ்' தொகுப்பில் 'ஐவ் மேட் அப் மை மைண்ட் டு கிவ் மைசெல்ஃப் டு யூ' என்ற பாட்டு எனக்கு உயிர். லாக்டவுன் மாதங்களில் அதைக் கேட்காமல் தூங்கியதில்லை. போன மாதம் என் மகள் கீபோர்டு பரீட்சைக்காக ஒரு பாட்டை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் இருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே பாட்டு! ஓடிப் போய்ப் புத்தகத்தைப் பார்த்தால் 'பார்கரோல், ஆஃபன்பாக்' என்று போட்டிருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் நண்பர்கள் வட்டத்தில் ஒரே சண்டை. ஒருவர் இது பச்சைக் காப்பி என்கிறார். இன்னொருவர், அறுபது வருடமாக அவர் இப்படித்தான் எழுதுகிறார், இதற்குப் பெயர் மரபு என்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் பேச வரவில்லை, மனசு மட்டும் சங்கடமாக இருக்கிறது. நம்மூர் இசையமைப்பாளர் ஒருவர் வெளிநாட்டு மெட்டை எடுத்தால் கிழித்துத் தொங்கவிடுகிறோம். நோபல் வாங்கியவர் எடுத்தால் மட்டும் மரபா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் காது பொய் சொல்லவில்லை. அந்தப் பாட்டை நடத்திக்கொண்டு போகிற அலையாட்டமும், டிலனின் குரலுக்குப் பின்னால் ஆண்குரல்கள் வாய் திறக்காமல் முனகும் அந்த இசையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஆஃபன்பாக்குடையவைதான். தற்செயலாக அமைந்த ஒற்றுமை என்று சொல்லி யாரும் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியதில்லை. தொகுப்பிலோ எல்லாப் பாட்டும் டிலன் எழுதியவை என்றுதான் இருக்கிறது, ஆஃபன்பாக் பெயர் இல்லை.

ஆனாலும் இந்தப் பாட்டை நான் திருட்டு என்று சொல்ல மாட்டேன். அவர் மேல் உள்ள பிரியத்தில் இதைச் சொல்லவில்லை. அந்த மெட்டின் கதையைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

பார்கரோல் என்பது வெனிஸ் நகரத்துப் படகோட்டிகளின் பாட்டு வகை. ஆறு எண்ணிக்கைத் தாளம், துடுப்பு தண்ணீரில் இறங்கி ஏறுகிற நிதானம். பல இசையமைப்பாளர்கள் அந்த வகையில் எழுதியிருக்கிறார்கள், அதில் உலகம் முழுக்கப் பரவியது ஆஃபன்பாக்குடையது. அவருடைய 'ஹாஃப்மனின் கதைகள்' என்ற ஓபராவில், அதாவது இசை நாடகத்தில், வரும் இரட்டைக் குரல் பாட்டு அது. ஓபரா மேடையேறியது 1881இல், அவர் இறந்து சில மாதங்கள் கழித்து. ஆனால் அந்த மெட்டை அவர் அந்த ஓபராவுக்காகப் புதிதாகப் போடவில்லை. 1864இல் வியன்னாவில் அரங்கேறிய, ரைன் நதித் தேவதைகளைப் பற்றிய தன்னுடைய இன்னொரு ஓபராவில் வனதேவதைகள் பாடுவதாக வைத்திருந்ததைத்தான் எடுத்து இங்கே போட்டார். ஜெர்மானிய நதியில் பிறந்த மெட்டு வெனிஸ் கால்வாய்க்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கு அதைக் கேட்கிற யாருக்கும் வெனிஸைத் தவிர வேறு ஊர் மனதில் வராது.

அங்கேயும் அது நிற்கவில்லை. 1960இல் எல்விஸ் பிரெஸ்லி 'ஜி.ஐ. புளூஸ்' படத்தில் இதே மெட்டில் ஒரு காதல் பாட்டுப் பாடினார். ஐரோப்பாவில் உரிமைச் சிக்கல் வந்ததால் அங்கே அந்தப் பாட்டுக்குப் பதிலாக ஸ்ட்ராஸின் மெட்டில் வேறொன்றைப் பாடிக் கொடுத்தார்கள். அப்புறம் 2020இல் டிலன். உங்கள் மகள் கீபோர்டில் வாசிப்பது இந்த வரிசையில் கடைசியாக வந்தது, அவ்வளவுதான்.

இப்போது டிலன் அதை வைத்து என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஓபராவில் அந்தப் பாட்டு வருகிற இடம் ஒரு மயக்கும் இரவு. பாடுகிறவர்களில் ஒருத்தி ஜூலியெட்டா. அவள் கதைநாயகன் ஹாஃப்மனைக் காதலிப்பதாக நம்பவைத்து அவன் பிம்பத்தையே பறித்துக்கொள்கிறவள், அதன் பிறகு கண்ணாடியில் அவன் முகம் தெரிவதில்லை. அத்தனை இனிமையான மெட்டு அந்தக் கதையில் ஒரு பெரிய ஏமாற்றத்துக்கு முன்னால் வருகிறது. டிலன் பாட்டில் நிலைமை நேர்மாறு. எழுபத்தொன்பது வயது மனிதர் மாடியில் உட்கார்ந்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கிட்டார் சத்தம் எங்கிருந்தோ வருகிறது, ஊர் ஊராகச் சுற்றியதை நினைத்துப் பார்க்கிறார், எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன், என்னை உன்னிடம் கொடுத்துவிடுவதென்று முடிவெடுத்துவிட்டேன் என்கிறார். அந்த 'உன்' ஒரு பெண்ணா, கடவுளா, அறுபது வருடமாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிற நம்மைப் போன்றவர்களா என்று கடைசி வரை பாட்டு சொல்வதில்லை. அங்கே ஒருவனிடமிருந்து அவனைப் பறிக்கிறார்கள், இங்கே ஒருவர் தானாகவே தன்னைக் கொடுக்கிறார், இரண்டுக்கும் ஒரே அலை. டிலன் இதை யோசித்துத்தான் செய்தாரா என்று கேட்காதீர்கள், அது எனக்கு முக்கியமில்லை. ஓபராவின் கதை தெரிந்த பிறகு அந்தப் பாட்டைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மெட்டு புதிதாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

அந்த மெட்டுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதும் எனக்கு விளங்குகிறது. 2012க்குப் பிறகு எட்டு வருடம் அவர் சொந்தப் பாட்டுகளின் தொகுப்பு எதையும் தரவில்லை. நடுவில், 2015 முதல் 2017 வரை, மூன்று வெளியீடுகளில் 52 பழைய அமெரிக்கப் பாட்டுகளைப் பாடினார், பெரும்பாலும் ஃபிராங்க் சினாட்ரா பாடிப் புகழ்பெற்றவை. பலருக்கு அப்போது அலுப்பாக இருந்தது, எனக்கும்தான். இப்போது திரும்பிப் பார்த்தால் அது ஒரு குரல் சாதகம் என்று தோன்றுகிறது. கரடுமுரடாகிவிட்ட குரலை வைத்துக்கொண்டு ஒரு மெல்லிய மெட்டை உடையாமல் எடுத்துச் செல்ல அவர் பழகிய காலம். அந்தப் பழக்கம் இல்லாமல் இந்தப் பாட்டை அவரால் பாடியிருக்க முடியாது.

சரி, உங்கள் நண்பர் சொல்லும் 'அறுபது வருட மரபு'க்கு வருகிறேன். அவர் சொல்வது உண்மை. 'புளோயிங் இன் த விண்ட்' அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் 'நோ மோர் ஆக்‌ஷன் பிளாக்' என்ற பாட்டிலிருந்து வந்தது, டிலனே ஒத்துக்கொண்டிருக்கிறார். 'கேர்ள் ஃபிரம் த நார்த் கன்ட்ரி'யின் பின்னால் லண்டனில் நாட்டுப்பாடகர் மார்ட்டின் கார்த்தியிடம் அவர் கேட்ட 'ஸ்கார்பரோ ஃபேர்' என்ற பழைய பாட்டு இருக்கிறது. டிலனின் ஆதர்சமான நாட்டுப்பாடகர் உடி கத்ரி, கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழுவின் மெட்டில்தான் 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' எழுதினார். நாட்டுப்பாடல் உலகத்தில் மெட்டு ஊர்க்கிணறு மாதிரி, வாளி மட்டும்தான் அவரவருடையது. 2015இல் ஒரு விருது மேடையில் டிலன் இதையே விரிவாகப் பேசினார். தன் பாட்டுகள் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை, பழைய பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் பாடியதால் வந்தவை என்று எந்தப் பாட்டு எதிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

'நம்மூர் ஆள் செய்தால் மட்டும்' என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஏற்கனவே உள்ள ஒரு பாட்டின் மெட்டில் புதுப் பாட்டு எழுதுவது, நம்மிடம் இதற்கு 'வர்ணமெட்டு' என்ற நல்ல சொல்லே இருக்கிறது. பாரதியின் 'தொண்டு செய்யும் அடிமை' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுயராஜ்யம் கேட்கிற இந்தியனை ஆங்கிலேய அதிகாரி அதட்டுகிற பாட்டு. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில், சிதம்பரம் போக ஆசைப்படும் நந்தனாரை ஆண்டை அதட்டுகிற பாட்டின் மெட்டில் அதை எழுதினார். அந்தக் காலத்தில் நந்தனார் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு முதல் வரியிலேயே ஆங்கிலேயனின் வாயிலிருந்து ஆண்டையின் குரல் கேட்டிருக்கும். புது மெட்டில் பாரதி எழுதியிருந்தால் அந்த அடி விழுந்திருக்காது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், இது எந்தப் பாட்டின் வர்ணமெட்டு என்று பாட்டுக்கு மேலேயே குறிப்பு இருக்கும். எடுத்தேன், இங்கிருந்து எடுத்தேன் என்று ஒரு வரி. நம்மூர் இசையமைப்பாளரிடம் நான் கேட்பதும் அந்த ஒரு வரியைத்தான், டிலனிடமும் அதைத்தான் கேட்கிறேன், நோபல் பரிசு அதில் எந்தச் சலுகையும் தராது.

இங்கேதான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் தப்பான பாட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே தொகுப்பில் இரண்டாவதாக 'ஃபால்ஸ் பிராஃபெட்' என்று ஒரு பாட்டு. கனமான கிட்டார், அசைந்து அசைந்து வரும் நடை, கேட்டவுடன் பிடித்துக்கொள்ளும். அந்த இசை 1954இல் மெம்ஃபிஸ் நகரத்து சன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் பில்லி 'த கிட்' எமர்சன் பதிவு செய்த 'இஃப் லவின் இஸ் பிலீவிங்' என்ற பாட்டினுடையது. இதை மெட்டின் சாயல் என்று சொல்லி விட்டுவிட முடியாது. கிட்டார் எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது என்பது வரை அப்படியே வருகிறது. எமர்சன் ஃபுளோரிடாவில் பிறந்த கறுப்பினக் கலைஞர், எல்விஸ் பதிவு செய்த ஒரு பாட்டையும் எழுதியவர். டிலன் தொகுப்பு வந்தபோது அவர் உயிரோடு இருந்தார், தொண்ணூற்று நான்கு வயது. எழுதியவர் என்று போட்ட இடத்தில் அவர் பெயர் இல்லை.

ஆஃபன்பாக் செத்து நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவர் பெயரைப் போடாவிட்டாலும் உலகத்தில் எங்கேயோ ஒரு கீபோர்டு வகுப்பில் ஒரு குழந்தை அதைக் கண்டுபிடித்துவிடும், உங்கள் வீட்டில் நடந்த மாதிரி. எமர்சனை யார் கண்டுபிடிப்பார்கள்? பழைய சன் ரெக்கார்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிற ஒரு சின்னக் கூட்டம்தான் கண்டுபிடித்தது. பாட்டுத் தொழிலில் எழுதியவர் பெயர் என்பது வெறும் மரியாதை இல்லை, பணம் அந்தப் பெயருக்குத்தான் போகிறது. அதே 2020 டிசம்பரில் டிலன் தன்னுடைய 600க்கு மேற்பட்ட பாட்டுகளின் உரிமையை யூனிவர்சல் நிறுவனத்துக்கு மொத்தமாக விற்றார் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. நான் நாற்பது வருடமாக நேசிக்கிற மனிதர் மேல் வருகிற கோபம், அதனால் கூடுதலாகவே வலிக்கிறது.

இது ஒரே ஒரு தடவை நடந்ததும் இல்லை. 2006இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' தொகுப்பில் 'ரோலின் அண்ட் டம்பிளின்' என்று ஒரு பாட்டு உண்டு. ஹாம்போன் வில்லி நியூபர்ன் 1929இல் பதிவு செய்தது, 1950இல் மடி வாட்டர்ஸ் பாடியது. மெட்டும் அதேதான், தலைப்பும் அதேதான், வரிகளைப் பெருமளவு மாற்றிவிட்டு, எழுதியவர் டிலன் என்று மட்டும் போட்டுக்கொண்டார். அதே தொகுப்பில் பிங் கிராஸ்பியின் 1931ஆம் வருடத்துப் பாட்டின் சாயலில் 'வென் த டீல் கோஸ் டவுன்' என்ற அழகான காதல் பாட்டும் இருக்கிறது, அதை நான் மனப்பூர்வமாக ரசிக்கிறேன். கிராஸ்பியை எல்லோருக்கும் தெரியும். நியூபர்ன் பெயரை உங்களில் எத்தனை பேர் இதற்கு முன் கேட்டிருக்கிறீர்கள்?

டிலனுக்கு எடுத்த இடத்தைச் சொல்லத் தெரியாமல் இல்லை. 1993இல் அவர் வெளியிட்ட 'வேர்ல்ட் கான் ராங்' தொகுப்பில் முழுக்கப் பழைய பாட்டுகள்தான். எந்தப் பாட்டு யாரிடமிருந்து தனக்கு வந்தது என்று அவரே கைப்பட ஒரு நீண்ட குறிப்பு எழுதியிருந்தார். பிளைண்ட் வில்லி மெக்டெல், மிசிசிப்பி ஷீக்ஸ் என்று அத்தனை பேரும் அதில் இருப்பார்கள். அந்தக் குறிப்பைப் படித்துத்தான் நான் அந்தப் பழைய இசைக்குள்ளேயே போனேன். அவர் சொல்லியிராவிட்டால் அந்தப் பெயர்கள் எனக்குத் தெரிந்திருக்காது. அப்படி எழுதிய அதே கைக்கு 'ஃபால்ஸ் பிராஃபெட்' பக்கத்தில் எமர்சனின் பெயரைச் சேர்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

அதனால் உங்கள் நண்பர்கள் இருவரிடமும் நான் கொஞ்சம் வேறுபடுகிறேன். காப்பி என்கிறவர் ஒரு நல்ல பாட்டை இழக்கிறார், அந்தப் படகுப் பாட்டை அவர் இன்னொரு முறை, இரவில், தனியாகக் கேட்க வேண்டும். மரபு என்கிறவரிடம் ஒன்று கேளுங்கள்: மரபு என்றால் ஊர்க்கிணறு சரி, கிணற்றைத் தோண்டியவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும்போது அவனை ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டாமா?

உங்கள் மகள் பரீட்சை நல்லபடியாக எழுதட்டும். முடிந்ததும் அவளுக்கு டிலன் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள், அவளுக்கு எந்த இடத்தில் மெட்டு பிரிந்து வேறு பக்கம் போகிறது என்று உங்களைவிடத் தெளிவாகத் தெரியும். அடுத்த முறை நண்பர்கள் சேரும்போது முதலில் 'இஃப் லவின் இஸ் பிலீவிங்' போடுங்கள், யார் பாட்டு என்று சொல்லாமல் போடுங்கள், அது முடிந்த கையோடு 'ஃபால்ஸ் பிராஃபெட்'. அப்புறம் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். எமர்சன் 2023 ஏப்ரலில், தொண்ணூற்றேழு வயதில் காலமானார்.

அன்புடன்.