மூன்று ஏக்கர் நெல் வயலுக்கு மண் மாதிரி எடுத்து, புள்ளியியல் மாடல் சொல்கிறபடி உரம் போடுவது உதவுமா? பெரிய பண்ணைக்காரர்களுக்குத்தானா இதெல்லாம்?

உதவும். ஆனால் மண்ணை எங்கே தோண்டுகிறீர்கள் என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. மாடல் அதற்கு அப்புறம். மூன்று ஏக்கர் என்று கேட்டிருப்பதால், சொந்தமாகச் சாகுபடி செய்கிறவர், ஏதோ ஒரு செயலி சொன்ன உர அளவை நம்பலாமா என்று யோசிக்கிறவர் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர். அப்பாதான் பார்க்கிறார். நான் புள்ளியியல் படித்துவிட்டு சென்னையில் வேலையில் இருக்கிறேன். ஒரு வருடம் சம்பா அறுவடை முடிந்ததும் அப்பா வயல் முழுக்க வளைந்து வளைந்து நடந்து, பதினைந்து இடத்தில் 'வி' வடிவில் குழி வெட்டி, அரை அடி ஆழம் வரை மண்ணைச் சீவி எடுத்து, சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்துக் கழித்துக்கொண்டே வந்து அரைக் கிலோ ஆக்கி அனுப்பினார். வரப்போரம், மரநிழல், எருக்குழிப் பக்கம் எதையும் தொடவில்லை. மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஹெக்டேருக்கு 15 கிலோ என்று முடிவு வந்தது. 11-க்குக் கீழே என்றால் குறைவு, 22-க்கு மேலே என்றால் அதிகம். ஆக, நடுத்தரம். பொதுப் பரிந்துரையான ஹெக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்தை ஏக்கர் கணக்கில் பார்த்தால் மணிச்சத்தும் தழைச்சத்தும் சேர்ந்த உரமான டிஏபியில் ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. அப்பா வழக்கமாகப் போடுவதும் அந்த ஒரு மூட்டைதான்.

எனக்கு மனது ஒப்பவில்லை. ஒரு ஏக்கரில் அரை அடி ஆழத்துக்கு இருக்கிற மண்ணே ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. நான்கு ஏக்கருக்கும் சேர்த்து அரைக் கிலோ அனுப்புகிறோம், அதிலும் சோதனைக்கு எடுப்பது சில கிராம். சராசரி சரியாகவே இருக்கட்டும், ஏற்ற இறக்கம் எங்கே போயிற்று? அடுத்த கோடையில் லீவு போட்டு வந்து, கயிறு பிடித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்து, 20 சென்ட்டுக்கு ஒரு பை என்று 20 பைகள் எடுத்தேன். பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர் "எல்லாம் ஒரே ஆள் நிலமா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

15 பைகளில் மணிச்சத்து 8 முதல் 10 வரை. மீதி ஐந்தில் 30-க்கு மேல். கூட்டிச் சராசரி போட்டால் அதே 15. அந்த 15 எங்கள் வயலில் ஓர் இடத்தில்கூட இல்லை.

அதை வைத்துக் கிரிகிங் முறையில் ஒரு வரைபடம் போட்டேன். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் கிரிக் என்ற பொறியாளர் 1951-ல் வெளியிட்ட வேலையிலிருந்து வளர்ந்த முறை இது. பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒத்திருக்கும், தூரம் கூடக்கூட வேறுபாடு கூடும் என்பதைக் கணக்காக்கி, தோண்டாத இடத்தின் அளவையும் மதிப்பிடுவது. வரைபடத்தில் தெற்கு மூலையில் சிவப்பாக ஒரு மேடு, சுற்றிலும் மெதுவாகச் சரிந்து மஞ்சளாகி வெளுத்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "தம்பி, அது வாய்க்கால் ஓரத் துண்டு. வருஷா வருஷம் ஆட்டுக்கிடை அங்கதான் கட்டுறது. ஆனா இப்படி வட்டமா இருக்காது. வரப்போட நின்னுடும்."

ஆட்டுக்கிடை என்றால் ராத்திரியில் ஆடுகளை வயலில் அடைத்து வைப்பது, புழுக்கை அங்கேயே எருவாகும். அவர் சொன்னதுதான் சரி. நானே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மறுபடி தோண்டிக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டடி வரப்பைத் தாண்டியதும் 30 என்பது 9 ஆகிவிட்டது. மாடலுக்கு வரப்பு தெரியாது, ஆடு தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும்.

இதைப் படிக்கிற புள்ளியியல்காரர்கள் 20 புள்ளியில் கிரிகிங் செய்யலாமா என்று கேட்பீர்கள். போதாதுதான், நூறு புள்ளியாவது வேண்டும். அப்பாவின் அனுபவமே போதும், எண் எதற்கு என்று இன்னொரு பக்கம் கிளம்புவார்கள். அதையும் நான் சொல்லவில்லை. கிடை கட்டிய துண்டு எது என்று அவருக்கு எப்போதும் தெரியும். ஆனாலும் இருபது வருடமாக அந்தத் துண்டுக்கும் அதே டிஏபி போட்டுக்கொண்டுதான் இருந்தார். எவ்வளவு மிச்சம் கிடக்கிறது என்று எண் வந்த பிறகுதான் நிறுத்தினார். அந்த ஓர் ஏக்கருக்கு இப்போது டிஏபி கிடையாது. மற்ற மூன்று ஏக்கருக்குக் கால் பங்கு கூட்டிவிட்டோம்.

உர அளவைக் கணக்கிட வேளாண் பல்கலைக்கழகங்கள் தருகிற சமன்பாடுகளும் இப்படிப்பட்ட வேறுபாட்டிலிருந்து வந்தவைதான். 1967-68-ல் நாடு முழுக்கத் தொடங்கிய மண் பரிசோதனை, பயிர் மகசூல் ஆய்வுத் திட்டத்தில் ஒரே வயலை மூன்று பட்டையாக்கி, ஒன்றுக்கு உரமே போடாமல், ஒன்றுக்கு அளவாக, ஒன்றுக்கு இரட்டிப்பாகப் போட்டு, மண்ணில் சத்து வேறுபாடு உண்டாவதற்காக முதலில் ஒரு பயிரை வளர்த்து அறுத்துவிடுவார்கள். அடுத்த பயிரில்தான் உண்மையான சோதனை. மண்ணில் இருப்பதில் எவ்வளவு பயிருக்குப் போகிறது, போட்ட உரத்தில் எவ்வளவு போகிறது, நூறு கிலோ நெல்லுக்கு எவ்வளவு சத்து வேண்டும் என்ற மூன்றும் அதில் கிடைக்கும். அந்த மூன்றை வைத்துத்தான், இவ்வளவு மகசூல் வேண்டுமென்றால் இவ்வளவு உரம் என்று சமன்பாடு சொல்கிறது. நம் பை தப்பாக இருந்தால் அந்த நல்ல கணக்கும் தப்பாகத்தான் விடை தரும்.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. இத்தனை பாடுபட்டு அளவைக் கண்டுபிடித்துக் கடைக்குப் போனால், யூரியாவுக்குக் கைரேகை வைத்த பிறகு "இந்த டப்பாவையும் எடுத்துக்கிட்டாத்தான் மூட்டை" என்கிறார் கடைக்காரர். 266 ரூபாய் 50 காசு யூரியாவுக்காக, எங்கள் மண் கேட்காத ஒரு நுண்ணூட்ட டப்பாவை அதைவிட அதிக விலைக்கு அப்பா தூக்கி வந்தார். பரணில் இப்போதும் நான்கு டப்பா இருக்கிறது. 70 வயது மனிதரை வரிசையில் நிறுத்தி வைத்துச் செய்கிற காரியமா இது?

சரி, உங்கள் மூன்று ஏக்கருக்கு வருகிறேன். கட்டம் எல்லாம் போட வேண்டாம். கிடை எங்கே கட்டினார்கள், எருக்குழி முன்பு எங்கே இருந்தது, எந்தத் துண்டில் தண்ணீர் நிற்கும், எது மேட்டு நிலமாக இருந்து திருத்தியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, துண்டு துண்டாகத் தனித்தனிப் பை எடுங்கள். தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) வேறு வழி. ஒரு சென்ட் அளவு மூலையில் வரப்பு கட்டித் தண்ணீர் கலக்காமல் பார்த்து, அங்கே யூரியாவும் டிஏபியும் போடாமல் விடுங்கள், தழைச்சத்து இரண்டிலும் இருக்கிறது. அறுவடையில் அதைத் தனியாக எடை போட்டால், தழைச்சத்து உரம் இல்லாமல் உங்கள் மண் எவ்வளவு தருகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். நிலம் எந்தப் பக்கம், என்ன மண், கடைசியாகக் கிடை எப்போது கட்டியது என்று கீழே எழுதுங்கள். எத்தனை பை எடுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.